வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். பிளஸ் டூ முடித்துவிட்டு இந்த ஆகஸ்டில்தான் டெக்சாஸில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு சேர்ந்தேன். எஃப்-1 மாணவர் விசா. ரூம்மேட் கூப்பிட்டான் என்று ரஷ் வீக்கில், அதாவது சங்கங்கள் ஆள் சேர்க்கும் வாரத்தில், ஒரு தெற்காசிய ஃப்ரெட்டர்னிட்டியின் (ஆண் மாணவர் சங்கத்தின்) நிகழ்ச்சிகளுக்குப் போனேன். இங்கே வந்த பிறகு என் பெயரைத் திக்காமல் சொன்னவர்கள் அவர்கள்தான். நேற்று பிட் கொடுத்துவிட்டார்கள், அதாவது சேரச் சொல்லி அழைப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். முதல் செமஸ்டருக்கு மட்டும் அறுநூறு டாலர். எட்டு வாரம் 'ப்ராசஸ்' இருக்கும், அதில் என்ன நடக்கும் என்று இப்போது சொல்ல மாட்டோம் என்கிறார்கள். வீட்டில் சொன்னால் அப்பா "அங்கே போயும் ராகிங்கா?" என்று கத்துகிறார். அம்மா அழுகிறார். சேரலாமா? விசாவுக்குப் பிரச்சினை வருமா? சேராவிட்டால் நாலு வருஷமும் தனியாகத்தான் ஓட்ட வேண்டுமா?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

தம்பி,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த செமஸ்டர் வேண்டாம். பெரும்பாலான வளாகங்களில் ஜனவரியில் மறுபடி ரஷ் நடக்கும். அப்போதும் ஆசை இருந்து, அந்தப் பையன்களும் நான் கீழே சொல்லப்போகிற சோதனையில் தேறினால் தாராளமாகச் சேருங்கள். ஃப்ரெட்டர்னிட்டி என்றாலே உருப்படாது என்கிற கட்சி இல்லை நான். இங்கே கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருப்பதால், அதில் சேர்ந்து நன்றாக இருக்கிற பிள்ளைகளையும் பார்க்கிறேன், பாதி செமஸ்டரில் தூக்கமில்லாத கண்ணோடு என் அறையில் வந்து உட்காருகிறவர்களையும் பார்க்கிறேன். ரஷ் வீக் பற்றிக் கேட்டால் இரண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: ரொம்ப நன்றாக இருந்ததாம்.

இருக்கத்தான் செய்யும். அவர்கள் உங்களைக் கவர வேண்டிய வாரம் அது. பெண் பார்க்கப் போன இடத்தில் கிடைத்த சொஜ்ஜி பஜ்ஜியை வைத்து யாராவது அந்தக் குடும்பத்தை எடைபோடுவார்களா? நீங்கள் கவனிக்க வேண்டியது பிட்டை ஏற்ற இரவிலிருந்து இனிஷியேஷன் (முறையாக உறுப்பினராக்கும் சடங்கு) வரைக்குமான அந்த எட்டு வாரத்தை. பணம் கட்டியாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று, ஆனால் இன்னும் 'பிரதர்' ஆகவில்லை என்ற நிலையில் இருப்பீர்கள். விட்டுப் போனால் இதுவரை பட்டதெல்லாம் வீண் என்ற நினைப்பு வாரத்துக்கு வாரம் கனக்கும். அவர்கள் கேட்பதும் வாரத்துக்கு வாரம் கூடும். அண்ணனுக்கு ராத்திரி ஒரு மணிக்கு டாக்கோ வாங்கிக்கொண்டு வா என்பதில் ஆரம்பிக்கும். அதில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் தோன்றும்.

உங்கள் அப்பாவின் கோபத்துக்கு வருகிறேன். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையான செய்தி அவர் தலைமுறைக்கு மறக்காது. அதன் பிறகுதான், 1997-ல், தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. அவர் பயப்படுவது நியாயம். ஆனால் அவர் நினைக்கிற மாதிரி இது ராகிங் இல்லை, ஒரு விதத்தில் அதைவிடச் சிக்கலானது. ராகிங்கில் சீனியர் உங்களைத் தேடி வருவான், நீங்கள் ஓடி ஒளியலாம், புகார் கொடுக்கலாம், ஊரே உங்கள் பக்கம் நிற்கும். ஹேஸிங்கில், அதாவது சங்கத்தில் சேர வருகிறவனைப் படுத்தும் சடங்குகளில், நீங்களே விரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதனால் வலித்தாலும் வெளியே சொல்லக் கூசும். சட்டத்துக்கு இந்தக் கூச்சமெல்லாம் தெரியும். "அவன் சம்மதித்துத்தான் செய்தோம்" என்பது டெக்சாஸில் ஒரு எதிர்வாதமாகவே எடுபடாது. ஹேஸிங் நடப்பது நேரடியாகத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் அங்கே குற்றம்.

எந்த இரவுகளில் விபரீதம் நடக்கிறது என்பதை அப்பாவுக்கு அல்ல, உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பிட்டை ஏற்ற அன்று இரவே வரிசையாகக் குடிக்க வைக்கப்பட்டு, மாடிப்படியில் உருண்டு விழுந்தான். சுற்றி அத்தனை பேர் இருந்தும் மறுநாள் காலை வரை அவசர உதவி எண்ணான 911-ஐ யாரும் கூப்பிடவில்லை. பையன் பிழைக்கவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் லூசியானா ஸ்டேட்டில் இன்னொருவன். கல்லூரிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஃப்ரெட்டர்னிட்டியின் வரலாற்றிலிருந்து கேள்வி கேட்டு, தப்பாகச் சொன்னால் குடி என்கிற விளையாட்டு. 2021 மார்ச்சில் ஒஹையோவில் பௌலிங் கிரீன் ஸ்டேட்டில் நடந்தது 'பிக்-லிட்டில்' இரவில். புதுப் பையனுக்கு ஒரு 'பிக்' அண்ணன் அமைகிற சந்தோஷமான நாள் அது. அன்றைக்கு ஒரு முழுப் புட்டியைக் காலி செய்வது வழக்கம் என்று கொடுத்தார்கள். மூன்றுமே கொண்டாட்டம், இல்லையென்றால் பாடம் என்ற பெயரில் வந்த இரவுகள். அடி உதை என்று காத்துக்கொண்டிருந்தால் ஆபத்து வந்ததே தெரியாது.

"இவர்கள் நம்ம பசங்கதானே" என்று உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இந்தச் சங்கங்கள் இந்த நாட்டின் வயது கொண்டவை. ஃபை பீட்டா காப்பா 1776-ல் தொடங்கியது. இன்றைய வடிவத்தில் ஃப்ரெட்டர்னிட்டி என்றால் 1820-களில் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் தொடங்கியவற்றைச் சொல்வார்கள். அவற்றில் பலவற்றுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வெள்ளையர் மட்டும் என்று விதியே இருந்தது. கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று தனியாகக் கட்டிக்கொண்டார்கள். கமலா ஹாரிஸ் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்கிற பெண்கள் சங்கம் அப்படி 1908-ல் வந்தது. நம் சென்னைப் பெண்மணி சியாமளாவின் மகளும் கிரேக்க எழுத்துக்காரர்தான் என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், கத்தல் கொஞ்சம் குறையலாம். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வந்த இந்தியர்களின் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்த காலத்தில் தெற்காசியச் சங்கங்கள் முளைத்தன. பிங்காம்டனில் அயோட்டா நு டெல்டா 1994, உங்கள் மாநிலத்தில் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை 1998, யுசிஎல்ஏயில் பீட்டா கை தீட்டா 1999. பெரிய தூண் வைத்த மாளிகையெல்லாம் இவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு, வாசலில் குவிந்த செருப்பு, உள்ளே ஒரு பிரஷர் குக்கர். வீட்டு ஞாபகம் வரத்தான் செய்யும்.

ஆனால் ஒன்று. இவை இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தங்கள் தேவைக்காகக் கட்டியவை. அவர்களுடைய ஊர்வாசனை உங்களுடையது அல்ல. பேச்சு ஆங்கிலத்தில், பாட்டு ஹிந்தியிலோ பஞ்சாபியிலோ, நடுநடுவே உங்கள் உச்சரிப்பை வைத்து 'ஃபாப்' (இப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியவன்) என்று ஒரு கிண்டல். சிலருக்கு இது ஒரு மாதத்தில் பழகிவிடுகிறது, சிலர் கடைசிவரை விருந்தாளியாகவே நிற்கிறார்கள். நீங்கள் எந்த ரகம் என்று மூன்றாவது வாரத்தில் தெரியாது.

நிறம் ஒன்று என்பதால் பாதுகாப்பும் வந்துவிடாது. 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பருக் கல்லூரியில் முதலாண்டு படித்த ஆசிய அமெரிக்கப் பையன் ஒருவனை, பை டெல்டா சை என்கிற ஆசிய அமெரிக்க ஃப்ரெட்டர்னிட்டிக்காரர்கள் பென்சில்வேனியாவின் போகோனோ மலைக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணைக் கட்டி, முதுகில் மணல் மூட்டையை மாட்டி, பனியில் நடக்கவிட்டு மோதித் தள்ளினார்கள். ஆசியர்கள் இந்த நாட்டில் படுகிற கஷ்டத்தை உணர்த்தும் சடங்காம். மயங்கி விழுந்தவனை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. முதலில் இணையத்தில் அறிகுறிகளைத் தேடிப் பார்த்தார்கள். பையன் இறந்துபோன அந்த வழக்கில் முப்பத்தேழு பேர் மேல் குற்றம் சாட்டப்பட்டது. அந்த எண்ணிக்கையைத்தான் இரண்டு முறை படிக்கச் சொல்வேன். இந்த வருஷம் சடங்குக்கு உட்படுகிறவன் நீங்கள், அடுத்த வருஷம் நடத்துகிறவர்களோடு நிற்கப் போவதும் நீங்கள்தான்.

விசாவுக்கு வருவோம். ஃப்ரெட்டர்னிட்டியில் சேர்வதற்கும் எஃப்-1-க்கும் நேரடி மோதல் எதுவும் இல்லை. பிரச்சினை பக்கவாட்டில் வரும். ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். எட்டு வாரம் தூக்கம் கெட்டு, கால்குலஸில் தேற மாட்டோம் என்று பயந்து, சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு பாடத்தை ட்ராப் செய்துவிடுகிற பையன்கள் உண்டு. 12-க்குக் கீழே போனால் ஸ்டேட்டஸே ஆட்டம் காணும். உங்கள் ரூம்மேட் அமெரிக்கக் குடிமகன் என்றால், அவன் பாடத்தை ட்ராப் செய்தால் கோடையில் எழுதிக்கொள்வான். கணக்கு உங்களுக்கு அப்படி இல்லை.

அடுத்தது குடி. இங்கே 21 வயது ஆக வேண்டும். உங்களுக்குப் பதினெட்டு. கையில் பியர் கோப்பையோடு போலீஸிடம் அகப்பட்டால் ரூம்மேட்டுக்கு அபராதம், சமூக சேவை என்று போய்விடும். உங்களுக்கு அடுத்த முறை தூதரகத்தில் விசா முத்திரைக்கு நிற்கும்போது அது கேள்வியாக வரும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே விசா ரத்தாகலாம். போலி ஐடி, கஞ்சா இரண்டையும் பற்றி யோசிக்கவே வேண்டாம். கஞ்சா சில மாநிலங்களில் கடையில் விற்கிறது, ஆனால் குடியேற்ற அதிகாரி பார்ப்பது மத்திய அரசின் சட்டத்தை. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவு (அரசு வைத்திருக்கும் மாணவர் விசாப் பதிவு) திடீரென்று ரத்தானது. அதில் சின்னப் போக்குவரத்து வழக்குகள் மட்டும் இருந்தவர்களும் இருந்தார்கள். வழக்குப் போட்ட பிறகு நிறைய பேருக்குத் திரும்பக் கிடைத்தது, நடுவில் அவர்கள் பட்ட பாடு தனி. இந்தக் காலத்தில் உங்கள் பெயர் எந்த போலீஸ் காகிதத்திலும் ஏறாமல் இருப்பது நல்லது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறுநூறு என்று சொன்னது எதற்கெல்லாம் என்று எழுதிக் கேளுங்கள். டி-ஷர்ட், ஃபார்மல் நடன விருந்து, வெளியூர்ப் பயணம், 'பிக்'குக்குப் பரிசு என்று தனித்தனியாக வருவது பெரும்பாலும் அந்தத் தொகைக்கு மேல்தான்.

இனி சோதனை. அவர்களிடம் மூன்று விஷயம் கேட்கப் போகிறீர்கள், நேரில், சிரித்த முகத்தோடு.

எட்டு வார அட்டவணையைக் கேளுங்கள். இனிஷியேஷன் அன்று என்ன சொல்லி உறுதிமொழி எடுப்பார்கள், கையை எப்படிக் குலுக்குவார்கள் என்பது ரகசியமாக இருக்கட்டும், அது அவர்கள் மரபு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த ராத்திரி, எங்கே, பொறுப்பு யார் என்பது ரகசியமாக இருக்க ஒரு காரணமும் கிடையாது. நடைமுறை ஒழுங்காக உள்ள சங்கம் என்றால் தேசிய அமைப்பு வகுத்த புது உறுப்பினர் பயிற்சித் திட்டம் எழுத்தில் இருக்கும். அதைக் காட்ட முடியாது என்றால் ஒன்று திட்டம் இல்லை, அல்லது நடப்பது வேறு.

பாதியில் விலகின ஒருவனைக் காட்டச் சொல்லுங்கள். யாரும் விலகினதே இல்லை என்றால் நம்பாதீர்கள். அவனைத் தனியாகப் பிடித்து ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். ஏன் விலகினான் என்பதைவிட, விலகின பிறகு இவர்கள் அவனோடு சேர்ந்து சாப்பிடுகிறார்களா, கட்டின பணத்தில் எவ்வளவு திரும்பக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். சின்ன விஷயம் ஒன்றுக்கு 'முடியாது' என்று சொல்லிப் பாருங்கள். "புதன்கிழமை ராத்திரி வர முடியாது, வியாழன் மிட்டர்ம்." "சரி, நல்லா எழுது" என்று வந்தால் நல்ல சகுனம். "உனக்காக உன் லைனில் (உன்னோடு சேர்ந்த புதுப் பையன்கள் குழுவில்) இருக்கிற மற்றவர்கள் சேர்த்துச் செய்ய வேண்டிவரும்" என்று வந்தால், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய இடம் அது. ஒருவன் மறுத்தால் கூட இருப்பவர்களைத் தண்டிப்பது ஹேஸிங்கின் பழைய உத்தி. அதை மென்மையாக, தோளில் கைபோட்டுக்கொண்டேகூடச் சொல்வார்கள்.

இதெல்லாம் கேட்பதற்கு முன்னால் அரை மணி நேர வீட்டுப்பாடம் ஒன்று. 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டப்படி, ஹேஸிங் விதியை மீறியதாக முடிவான சங்கங்களின் பெயர், நடந்தது என்ன, என்ன தண்டனை என்று கல்லூரிகள் அறிக்கை வெளியிட்டு, வருஷத்துக்கு இரண்டு முறை புதுப்பிக்க வேண்டும். டெக்சாஸ் கல்லூரிகளுக்கு இப்படி ஒரு கடமை 2019 சட்டத்திலிருந்தே உண்டு. உங்கள் கல்லூரி இணையதளத்தில் 'ஹேஸிங்' என்று தேடுங்கள். இவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். அதைவிட, கல்லூரி அங்கீகரித்த சங்கங்களின் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். தடை விழுந்த பிறகும் வேறு பெயரில் வெளியே வீடெடுத்து ஆள் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த இடத்துக்கு ஜனவரியிலும் போகாதீர்கள்.

இத்தனையும் படித்துவிட்டு இந்த வாரமே சேர்வது என்று நீங்கள் முடிவெடுத்தால், அதைத் தடுக்க என்னால் முடியாது. அப்படியானால் இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். சங்கத்துக்கு வெளியே உள்ள ஒரு நண்பனுக்கு உங்கள் போன் லொகேஷன் எப்போதும் தெரியட்டும், "போனை இந்தக் கூடையில் போடு" என்று சொல்லும் வீட்டுக்குள் நுழையாதீர்கள். குடித்தவன் எழுப்பியும் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே 911. உதவிக்குக் கூப்பிட்டு, அங்கேயே இருந்து ஒத்துழைக்கிறவனுக்கு, வயது குறைவானவன் குடித்தான் என்ற வழக்கிலிருந்து டெக்சாஸ் சட்டம் பாதுகாப்பு தருகிறது. "தூங்கினால் சரியாயிடும்" என்று சொல்பவன் எந்த வருஷத்து சீனியராக இருந்தாலும் கேட்காதீர்கள். பெயர் சொல்லாமல் புகார் சொல்ல 1-888-668-4293 என்ற எண்ணும் இருக்கிறது.

தனிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள், கடிதத்திலேயே கனமான கேள்வி அதுதான். மூன்றாவது வாரத்தில் எல்லாருமே தனியாகத்தான் இருக்கிறார்கள், உங்கள் ரூம்மேட் உட்பட. அதனால்தான் ரஷ் செப்டம்பரில் அத்தனை இனிக்கிறது. நீங்கள் படிக்கிற அளவுள்ள பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான மாணவர் அமைப்புகள் இருக்கும். மாஸ்டர்ஸ் படிக்க வந்த நம் ஊர் அண்ணன்மார் வார இறுதியில் டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி பார்க்கிங் லாட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு சனிக்கிழமை போய் நில்லுங்கள், ஃபீல்டிங்குக்கு ஆள் எப்போதும் பற்றாது. பலருடைய வீட்டில் ரசம் இருக்கும். தமிழ் மாணவர் சங்கம் இருந்தால் தீபாவளிக்கு நாற்காலி தூக்கவாவது ஆள் தேடுவார்கள், போங்கள். உங்கள் துறையில் ரோபோ செய்கிற குழு, ஹேக்கத்தான் குழு என்று ஏதாவது ஒன்றில் வாரா வாரம் ஒரே நேரத்தில் ஒரே ஆட்களோடு உட்காருங்கள். நட்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போவதால். எட்டு வாரம் போனாலும் மனசு ஆறவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால் உங்கள் கல்லூரி ஆலோசனை மையத்துக்குப் போங்கள். அங்கே பேசுவது வீட்டுக்குப் போகாது.

வீட்டில் அம்மாவிடம் இன்று ராத்திரியே பேசுங்கள். சேருவதா வேண்டாமா என்று அனுமதி கேட்க வேண்டாம், என்ன விசாரித்தீர்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பட்டியல், அந்த அட்டவணை, 12 கிரெடிட் கணக்கு. தான் பார்க்க முடியாத இடத்தில் பிள்ளை யோசித்துத்தான் நடக்கிறான் என்று தெரிந்தால் அப்பாவின் குரலும் ஒரு படி இறங்கும்.

வெள்ளிக்கிழமைக்கு ரஷ் பொறுப்பாளருக்கு இப்படி ஒரு செய்தி போதும்: "பிட் கொடுத்ததற்கு ரொம்ப நன்றி. முதல் செமஸ்டர் படிப்பில் கால் ஊன்றிக்கொண்டு வசந்த செமஸ்டரில் மறுபடி ரஷ்ஷுக்கு வர நினைக்கிறேன். அதுவரை உங்கள் பொது நிகழ்ச்சிகளுக்கு வரலாமா?" மன்னிப்பு கேட்க வேண்டாம், காரணம் நீட்ட வேண்டாம். "கண்டிப்பா வா" என்று பதில் வந்தால் அடுத்த கூடைப்பந்துக்குப் போய் ஆடுங்கள், ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம். "இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை" என்று வந்தால் உங்கள் முதல் 'முடியாது'க்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அறுநூறு டாலர் கட்டாமலே தெரிந்துவிட்டது. என்ன பதில் வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.